பெரியம்மாவின் ஏழு நோட்டுகள்

வாசகர் கேள்வி - பதில்

வழக்கமாக இந்தப் பகுதியில் ஏழெட்டுக் கேள்விகள் இருக்கும். இந்த முறை அப்படி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரே வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன, படித்துக்கொண்டே போகும்போதுதான் மூன்றும் ஒரே டீச்சரைப் பற்றியவை என்று புரிந்தது. இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்லி, சேர்த்து வெளியிடலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். பெயர் யாருக்கும் போடவில்லை, டீச்சருக்கும் போடவில்லை. எந்தப் பள்ளி, எந்தச் சபை என்றும் சொல்லப்போவதில்லை. வருடங்களும் சில விவரங்களும் கடிதத்தில் இருந்தபடி இல்லை, வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரியும்.

கேள்வி: அக்கா, என் பெரியம்மா போன மாதம் காலமானார். 75 வயது. பள்ளியில் முதலில் தமிழ் டீச்சர், 1995 முதல் 2008-ல் ஓய்வு பெறும்வரை மாணவர் ஆலோசகர். அதற்குப் பிறகு முழு நேரமும் சபைதான்: ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வீடுகளில் சபைக்கென்று பிடி பிடியாக எடுத்துவைத்துக் கொடுக்கிற பிடியரிசிக் கணக்கு, மரண வீடுகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னையும் தம்பியையும் அவர்தான் படிக்கவைத்தார். அடுத்த மாதம் நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள், பாஸ்டர் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். பேனாவை எடுத்தால் பிறந்த தேதி, படிப்பு, பதவி இவைதான் வருகின்றன. அவருடைய பெட்டியில் ஏழு நோட்டுகள் இருந்தன. பள்ளியில் பிள்ளைகளோடு பேசியதை எழுதிவைத்தவை. பேர் எதுவும் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம், ஒரு பறவை, ஒரு பஸ் என்று அடையாளம் மட்டும். முதல் நோட்டில் நாலு பக்கம் படித்துவிட்டு மூடிவிட்டேன், அந்த நாலு பக்கத்துக்கே இரண்டு நாள் தூக்கமில்லை. தம்பி சொல்கிறான், பேர்தான் இல்லையே, நாலைந்து எடுத்து மலரில் போட்டால் பெரியம்மா செய்தது ஊருக்குத் தெரியுமே என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி இருக்கிறது. அவர் செய்த வேலையைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன எழுத? இன்னொன்று, எங்கள் வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார். ஊர்ப் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் மௌனமாக இருப்பார். சின்ன வயதில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். (இதை வெளியிடலாம் என்று பிறகு அவரே சொன்னார்.)

பதில்: தங்கச்சி, நாலு பக்கத்தோடு மூடினீர்களே, அது பெரிய காரியம். நோட்டிலிருந்து ஒரு வரிகூட மலரில் வரக் கூடாது.

தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பட்டணத்தில் பேரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார், நம் பக்கத்தில் மறைய மாட்டார். முற்றத்தில் அயினிமரம் நிற்கிற வீடு எது, அப்பா கல்ஃபில் இருந்த வீடு எது, எட்டாம் வகுப்பில் ஒரு மாதம் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை யார் என்று ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். 1995-ல் பதிமூன்று வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும், அவருடைய மகளே அதே பள்ளியில் படிக்கலாம், அவரே அந்தக் கூட்டத்துக்கு வந்து நடு வரிசையில் உட்கார்ந்து மலரைப் புரட்டலாம். முப்பது வருடமாக டீச்சருக்கும் தனக்கும் மட்டும் தெரியும் என்று வைத்திருந்த ஒன்றை அச்சில் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? டீச்சர் இதையெல்லாம் எழுதியா வைத்தார் என்றுதான் முதலில் தோன்றும். கேட்டுத் தெளிய டீச்சரும் இல்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்பட்ட பிள்ளையின் பேரை மட்டும் மறைத்தால் போதும் என்று சொல்லவில்லை. முகவரி, பள்ளி, ஆளை அடையாளம் காட்டுகிற வேறு எந்த விவரமும் அச்சில் வரக் கூடாது என்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் அப்படித்தான். நினைவு மலர் பத்திரிகைதானா என்று வக்கீல்கள் வாதாடலாம், பெரியம்மா வாதாடியிருக்க மாட்டார். மரத்தின் பேரையும் பறவையின் பேரையும் போட்டு எழுதியவர் அவர். அந்த நோட்டு வேறொரு கையில் கிடைத்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார், அந்த நினைப்பைத்தான் நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள்.

சரி, நோட்டுகளை என்ன செய்வது? உடனே எரித்துவிடுங்கள் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஒரு விஷயம் தடுத்தது. பிள்ளைகளிடம் தப்பாக நடந்த ஒருவர், இன்றும் பிள்ளைகளோடு புழங்குகிற இடத்தில் இருக்கிறார் என்று அந்தப் பக்கங்களில் எங்காவது இருந்தால்? 2012 நவம்பர் 14 முதல் போக்சோ நடைமுறையில் இருக்கிறது, அதன்படி இப்படி ஒன்று தெரிந்த யாரும், குடும்பத்தாரோ அக்கம்பக்கத்தாரோ, போலீசில் சொல்லியே ஆக வேண்டும். நோட்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எரித்த பிறகு யோசிக்க முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: உங்கள் ஊரில் யாரையும் தெரியாத, நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இன்றும் வேலையில் இருக்கிற ஒரு ஆலோசகரைக் கேளுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னால் உட்கார்ந்து, இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் பார்க்கட்டும். நோட்டு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம், போனில் படம் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் படிக்க வேண்டாம், தம்பியும் படிக்க வேண்டாம். செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் எப்படிச் செய்வது என்று அவர் சொல்வார். இல்லையென்றால் அன்றைக்கே எரித்துவிடுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை உங்கள் வீட்டில் இருக்கிறதாக எழுதியிருந்தீர்கள், அந்த அடுப்பு போதும், கடைசித் தாள் சாம்பலாகும்வரை பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் தெருமுனைக் கடையில் ஒருநாள் பழம்பொரி சுற்றிக் கொடுத்த தாளில் யாரோ ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரிச் சீட்டு, பேரோடு இருந்தது. அன்றைக்கு எனக்குப் பழம்பொரி இறங்கவில்லை.

இனி மலர். அவர் செய்த வேலையைச் சொல்லாமல் என்ன எழுத என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதம் பதினொரு பக்கம். அதில் பிறந்த தேதியும் பதவியும் இருக்கிற பக்கங்களை நான் ஒருமுறைதான் படித்தேன். ஆனால் கடைசிப் பக்கத்து ஓரத்தில், இடம் போதாமல் செங்குத்தாக எழுதியிருந்தீர்களே, பெரியம்மா எப்போதும் இரண்டு குடை கொண்டுபோவார், மரச்சீனி அவித்தால் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே அவிப்பார், வராந்தா விளக்கை ஒன்பது மணிவரை அணைக்க விடமாட்டார் என்று. அதை நாலு முறை படித்தேன். இரண்டாவது குடை யாருக்கு என்று நீங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. யாருக்கென்று எழுதவே வேண்டாம், இரண்டு குடை இருந்தது என்று எழுதினால் போதும். நனைந்துகொண்டு அந்தக் குடைக்குள் வந்தவர்கள் படிக்கும்போது அவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது குடையாகவே இருக்கும்.

என் அப்பா சபை ஊழியராக இருந்தவர். அவர் போனபோது மலருக்கு எழுதியது நான்தான். எந்த வருடம் எந்தச் சபை, எத்தனை ஞானஸ்நானம், எந்த ஆலயத்துக்கு அஸ்திவாரம் என்று வரிசையாக, ஒரு வருடம்கூட விடாமல் எழுதினேன், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு வயதான அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கரண்ட் இல்லாத காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, அப்பா ஓலைச் சூட்டைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து மருத்துவச்சியைக் கூட்டிவந்து தன் மகனைப் பெற வைத்ததைச் சொன்னார். அந்த மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்கே தலை நரைத்திருந்தது. மலரில் அதற்கு இடம் இருந்தது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு வாரம் நாலு பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கூட ஆயா, பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கிறவர், அவரோடு பிடியரிசி அளந்தவர்கள். “டீச்சர் உங்களிடம் என்ன ரகசியம் சொன்னார்” என்று கேட்காதீர்கள். டீச்சர் எங்கே உட்காருவார், என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள். மீதி தானாக வரும்.

அவர் வேலை பார்த்த விதத்தை எழுதலாம், அதில் யாருடைய ரகசியமும் இல்லை. 1995-ல் நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆலோசகர் என்றால் என்னவென்றே பெரும்பாலும் தெரியாது. லேபுக்குப் பக்கத்தில் சாமான் போட்டிருந்த அறையைக் கொடுத்தார்கள், அவரே கழுவி எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவில் மேல்பாதிக்குக் கண்ணாடி போடச் சொல்லிச் சண்டை பிடித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு சரியான சண்டை! உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேச்சு காதுக்குக் கேட்கக் கூடாது. பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவருக்கும் பாதுகாப்பு. இன்றைக்கு இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேசைக்கு எதிரே நாற்காலி போடாமல் பக்கவாட்டில் பெஞ்சு போட்டதும் அப்படித்தான், முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளையால் பேச முடியாது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசும்.

மொழியை விட்டுவிடாதீர்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, உங்கள் பெரியம்மாவின் அம்மா வீடு பாறசாலைப் பக்கம் என்பதால் ஒரே குடும்பம் இரண்டு மாநிலம் ஆயிற்று. அவர் அப்போது ஆறு வயதுப் பிள்ளை. எங்கள் தலைமுறைக்கு முந்தையவர்கள் பலர் மலையாளத்தில் படித்தவர்கள், வீட்டில் தமிழ், கணக்கு மலையாளத்தில், ஜெபம் தமிழில். பள்ளிக்கு வந்த பிள்ளைகளிலும் அந்தக் கலப்பு இருந்தது. பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் பேசுவார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே மலரில் போடுங்கள், ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் ஒக்கி. 2017 நவம்பர் 30-ஆம் தேதிப் புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்ததை நாம் பார்த்தோம், ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களில் போனது உயிர். அவர்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவர்கள், புயல் வரும்போது கரையிலிருந்து எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காத வீட்டில் அடக்கமும் கிடையாது, நம்பிக்கையை விடவும் முடியாது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதுவதற்குப் பொதுச் சட்டம் ஏழு வருடம் சொல்கிறது, ஒக்கிக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள்தான், ஆனாலும் சான்றிதழை வாங்குவதே புருஷனைத் தானே கொன்றது போல இருக்கிறது என்று ஒரு பெண் என்னிடமே சொல்லி அழுதார். உங்கள் பெரியம்மா 67 வயதில், கொல்லங்கோடு வழியாக இரண்டு பஸ் மாறி, மூன்று மாதம் வாரம் இரண்டு நாள் அங்கே போயிருக்கிறார். அவர்கள் கத்தோலிக்கர், இவர் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை. பைபிளை எடுத்துப்போனாலும் பையைவிட்டு வெளியே எடுத்ததில்லை, அவர்கள் கேட்டால் மட்டும் அவர்கள் ஜெபத்தையே அவர்களோடு சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்தால் சேலையில் கருவாட்டு வாசம் அடிக்கும், துவைக்கப் போடும்போது நீங்கள் முகம் சுளித்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் எழுதுங்கள் தங்கச்சி. அங்கே போய் என்ன செய்தார் என்பதற்கு அந்தச் சேலைதான் சாட்சி, அந்தப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து வேலைக்குக் கை கொடுத்திருக்கிறார்.

சபையில் அவருக்கு இருந்த சங்கடத்தை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரு பிள்ளை அப்பாவைப் பற்றிச் சொல்லி அழும், ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா காணிக்கைத் தட்டோடு எதிரே வந்து நிற்பார். ஆராதனை முடிந்ததும் அம்மாமார் சுற்றிக்கொள்வார்கள், “டீச்சர், எம் மவ ஒங்ககிட்ட என்ன சொன்னா?” பதில் சொல்லவும் முடியாது, முகத்தை மாற்றவும் முடியாது. ஆராதனை முடிந்த நிமிடமே பிடியரிசி அளக்கிற அறைக்குப் போய்விடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள், அரிசி மேல் இருந்த அக்கறையோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உழக்கை எண்ணிக்கொண்டிருக்கிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வீட்டில் மௌனமாக இருந்தார் என்ற வருத்தத்துக்கு என்னால் மருந்து சொல்ல முடியாது. அந்த வருத்தம் உண்மையானது. பகலெல்லாம் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டவருக்கு ராத்திரி பேச ஒன்றும் இருந்திருக்காது, பேசத் தொடங்கினால் எது நழுவி வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் இருந்திருக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாதே. கோபமாக எழுதாமல், நடந்ததை மட்டும் மலரில் எழுதலாம்: சாயங்காலம் வருவார், கால் கழுவுவார், என் தலையில் பேன் பார்ப்பார், பேச மாட்டார். பேன் பார்த்ததையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், எட்டாம் பக்கத்தில்.

கேள்வி: அக்கா, நான் அந்த டீச்சரிடம் போன பிள்ளை. பிளஸ் டூவில் ஒரு பாடம் போயிற்று. அந்த வாரம் நான் சாக முயற்சி செய்தேன். வீட்டில் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தவறி விழுந்தான் என்று சொல்லிவிட்டார்கள், இன்றுவரை ஊருக்கு அப்படித்தான். டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிறகு நான்கு மாதம் தினமும் என்னை வரச் சொன்னார், அக்டோபரில் எழுதிப் பாஸ் ஆனேன். இப்போது சொந்தமாகத் தொழில், இரண்டு பிள்ளைகள். நினைவுக் கூட்டத்தில் பேச எனக்கு ஆசை. ஆனால் மனைவிக்குத் தெரியாது. அம்மா முன்வரிசையில் இருப்பார். டீச்சர் யாரிடமும் சொல்லாததை நானே சொன்னால் அது அவருக்குச் செய்கிற துரோகமா?

பதில்: தம்பி, துரோகம் இல்லை. காப்பாற்ற வேண்டிய கடமை டீச்சருக்கு இருந்தது, கதை உங்களுடையது. அவர் வாயைத் திறக்காததால்தான் என்றைக்கு, யாரிடம், எவ்வளவு என்பதை இன்று நீங்கள் முடிவு செய்ய முடிகிறது.

ஆனால் மைக்குக்கு முன்னால் மனைவி முதல்முறையாகக் கேட்கக் கூடாது. போனில் அதைத்தான் சொன்னேன், இந்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முன் நீங்கள் வீட்டில் சொல்லிவிட்டீர்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்று சொன்னீர்கள். அம்மாவிடமும் அதுபோல ஒருநாள், கூட்டத்துக்கு முன்னால். அவர் பொய் சொன்னது உங்களைக் காப்பாற்றத்தான், அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு இருந்தது, தற்கொலைக்கு முயன்றவர் மேலேயே வழக்கு வரும். 2017-ன் மனநலச் சட்டம் அதை மாற்றிவிட்டது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. அம்மாவுக்கு இது தெரிந்தால் பாதிப் பயம் போகும். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசிவிடாதீர்கள்.

கூட்டத்தில் பேசுவதானால் இரண்டு விஷயம். எப்படி முயன்றீர்கள் என்று ஒரு சொல்கூட வேண்டாம். கூட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் இருப்பார்கள், மனசு கலங்கிய பிள்ளைக்கு அந்த விவரம் வழி காட்டிவிடும். அந்த நான்கு மாதத்தைப் பற்றி நிறையப் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் ஒன்றுமே பேசவில்லை, அவரும் பேசச் சொல்லவில்லை, நூலக அட்டைகளை அகரவரிசையில் அடுக்கும் வேலை கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற அப்பாவோ அம்மாவோ அங்கே இருந்தால் என்ன செய்யலாம் என்று அதிலிருந்து அவர்களுக்குப் பிடி கிடைக்கும். கடைசியில் 14416 என்ற எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். சின்னப் பிள்ளைகளுக்கு 1098.

பேசும்போது தொண்டை அடைத்தால் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். டீச்சர் நினைவாகப் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் சபைப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கலாம் என்று இருக்கிறோம், ஒரு பளிங்குக் கல்லும் பதிக்க நினைக்கிறோம். உங்கள் யோசனை என்ன?

பதில்: அம்மா, நல்ல மனசு. ஆனால் முதல் மதிப்பெண்ணுக்கு ஏற்கனவே எத்தனை பரிசு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நம் சபைகளில் யார் நினைவுக்கும் முதலில் வருவது அதுதான். அந்த டீச்சர் அறைக்கு முதல் மதிப்பெண் பிள்ளை அதிகம் போயிருக்காது. அதே பணத்தை வங்கியில் போட்டு, வருகிற வட்டியில் துணைத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கட்டணமும் பஸ் காசும் ஒரு மாத டியூஷனும் கொடுங்கள். மேடையில் பேர் வாசிக்காமல், கவரில் போட்டுக் கையில். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது உங்களில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கை வருடாவருடம் இதில் சேர்க்கலாம், டீச்சர் கொண்டுவந்த ஏத்தன்குலையை ஏலத்தில் எல்லாரும் போட்டி போட்டு எடுப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

கல்லுக்கு ஆகிற செலவில், ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில் ஒரு கதவுக்குக் கண்ணாடி போடுங்கள். ஏன் என்பதற்கு முதல் பதிலைப் படியுங்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வருகிற எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு, அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்டர், ஆசிரியர், சங்கத் தலைவி, யாராக இருந்தாலும் ஒரே விதி.

கேள்வி: (முதல் கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதியது) பாட்டி கல்லறையில் “கவுன்சிலர்” என்று போடலாம் என்று மாமா சொல்கிறார். அப்படிப் போட்டால் எலெக்‌ஷனில் நின்றவர் என்று நினைக்க மாட்டார்களா? தமிழில் சரியான சொல் என்ன?

பதில்: மக்களே, நீ சொல்வது சரிதான். பாட்டி வேலையில் இருந்தபோதே “கவுன்சிலர்” என்று கேள்விப்பட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இரண்டு பேர் மனு கொண்டுவந்ததாக உன் அம்மா எழுதியிருக்கிறார். பாட்டி அந்த மனுவை வாங்கிப் பேரூராட்சி அலுவலகத்தில் கொண்டு கொடுத்தாராம்.

தமிழில் இரண்டு மூன்று சொற்கள் உண்டு. மாணவர் ஆலோசகர், உளவள ஆலோசகர் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி. பழைய தமிழில் ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகை இருக்கிறது, பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன் எதிரே பசியோடு வருகிற பாணனுக்கு, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும், இங்கே பாம்பு உண்டு, பார்த்துப் போ என்று வழி சொல்வான். சூடான பாலை ஆற்றுவது, மனசை ஆற்றுவது என்று இன்னொரு பக்கமும் அந்தச் சொல்லுக்கு உண்டு. பாட்டி செய்தது இரண்டும்தான்.

ஆனால் பிள்ளைகள் அவரை அப்படிக் கூப்பிடவில்லையே. “டீச்சர்” என்றுதான் கூப்பிட்டார்கள், சபையிலும் அப்படித்தான், நீ பாட்டி என்கிறாய். பேருக்கு முன்னால் “டீச்சர்” என்று போட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் “மாணவர் ஆற்றுப்படுத்துநர், 1995 - 2008” என்று போடலாம். வல்லின ற் ஒன்று, அதற்குப் பிறகு றகர உகரம், கல் வெட்டுகிறவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள். ஒரு பெரிய தாளில் நீயே தெளிவாக எழுதி, அம்மாவிடம் காட்டிவிட்டு, வேலை நடக்கிற அன்றைக்குப் பக்கத்தில் போய் நில்.